நாடாளுமன்றத்தில் முன்வரிசை: யார் உட்காரலாம், உட்கார்ந்தால் என்ன மாறும்?

2023 நவம்பர் 15 அன்று பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மக்கள் சபையில், காசாவில் உடனடிப் போர்நிறுத்தம் கோரும் திருத்தம் ஒன்று வாக்கெடுப்புக்கு வந்தது. கொண்டுவந்தது ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி. அப்போது எதிர்க்கட்சியாக இருந்த லேபர் கட்சி, அந்தத் திருத்தத்தை ஆதரிக்கக் கூடாது என்று தன் எம்.பி.க்களுக்கு உத்தரவிட்டிருந்தது. 56 லேபர் எம்.பி.க்கள் மீறி ஆதரித்தார்கள். அவர்களில் ஜெஸ் பிலிப்ஸ் உட்பட எட்டு நிழல் அமைச்சர்கள், அதாவது அரசின் துறைகளுக்கு எதிரே எதிர்க்கட்சி நியமிக்கும் பேச்சாளர்கள், பொறுப்பை இழந்தார்கள். "முன்வரிசையிலிருந்து விலகினர்" என்று செய்திகள் எழுதின. மீறிய மற்றவர்களில் பெரும்பாலோருக்கு அன்று எந்தப் பதவியும் பறிபோகவில்லை, ஏனென்றால் அவர்களிடம் பறிக்கப் பதவி இல்லை. அவர்கள் பின்வரிசைக்காரர்கள்.

ஒரே கட்சி, ஒரே வாக்கு, இரண்டு விதமான விளைவு. இந்த வேறுபாட்டைத்தான் முன்வரிசை என்ற சொல் குறிக்கிறது. ஆளுங்கட்சியின் பக்கம் அமைச்சர்கள், எதிர்க்கட்சியின் பக்கம் தலைவரும் அவர் நியமித்த துறைப் பேச்சாளர்களும் முன்வரிசையினர். கட்சியின் பெயரால் அவையில் பேசும் உரிமை அவர்களுக்கு உண்டு. கட்சி முடிவுக்கு எதிராகப் பேசும் உரிமை இல்லை. மற்ற எம்.பி.க்கள் எல்லாரும் பின்வரிசை.

பெஞ்ச் எப்படி வந்தது

பிரிட்டன் நாடாளுமன்றம் கூடும் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையில் மக்கள் சபைக்கு முதலில் சொந்த மண்டபம் கிடையாது. 16ஆம் நூற்றாண்டின் நடுவில், ஆறாம் எட்வர்ட் ஆட்சியில், வழிபாடு நின்றுபோன புனித ஸ்டீபன் சிற்றாலயம் அதற்குக் கொடுக்கப்பட்டது. பாடகர் குழு எதிரெதிராக உட்கார்ந்து பாடிய மர வரிசைகளில் உறுப்பினர்கள் அமர்ந்தார்கள். பலிபீடம் இருந்த பக்கம் சபாநாயகரின் நாற்காலி வந்தது. இரண்டு தரப்பு முகத்துக்கு முகம் பார்த்து உட்காரும் அமைப்பு இப்படித்தான் உருவானது. அரசியல் தத்துவம் எதுவும் அதற்குப் பின்னால் இல்லை, கிடைத்த கட்டடம் அப்படி இருந்தது.

1834இல் அது தீயில் அழிந்தது. புதிய அரண்மனையிலும் அதே எதிரெதிர் அமைப்பு தொடர்ந்தது. 1941 மே மாதம் ஜெர்மன் குண்டுவீச்சில் அந்த மண்டபமும் போனது. மீண்டும் கட்டுவது பற்றி 1943 அக்டோபரில் விவாதம் நடந்தபோது, அரைவட்ட அவை வேண்டாம், பழைய நீள்சதுரமே வேண்டும் என்று சர்ச்சில் வாதாடினார். எல்லா உறுப்பினருக்கும் இடம் இருக்கக் கூடாது என்பது அவருடைய இன்னொரு நிபந்தனை. இடம் அதிகமானால் பெரும்பாலான விவாதங்கள் காலி மண்டபத்தில் நடக்கும், பேச்சு சொற்பொழிவாகிவிடும் என்பது அவர் சொன்ன காரணம். அவர் சொன்னபடியே 1950இல் புதிய மண்டபம் திறக்கப்பட்டது. இன்று 650 எம்.பி.க்களுக்கு, மாடங்களையும் சேர்த்து, சுமார் 427 பேர் உட்காரத்தான் இடம்.

தனித்தனி நாற்காலி கிடையாது; பச்சைத் தோல் போர்த்திய நீண்ட பெஞ்சுகள் மட்டுமே. சபாநாயகரின் வலப்பக்கம் ஆளுங்கட்சி, இடப்பக்கம் எதிர்க்கட்சி. வலப்பக்கத்தின் முதல் பெஞ்சுக்குக் கருவூல பெஞ்ச் என்று பெயர். பிரதமர் 'கருவூலத்தின் முதல் பிரபு' என்ற பட்டத்தையும் வகிப்பதால் வந்த பெயர் அது. இந்தியாவில் ஆளுங்கட்சி வரிசையை 'ட்ரெஷரி பெஞ்ச்' என்று எம்.பி.க்கள் இன்றும் சொல்வது அங்கிருந்து வந்ததுதான்.

இரண்டு முன்வரிசைகளுக்கும் நடுவே மேசை. அதன் இரு பக்கமும் ஆளுக்கொரு மரப் பெட்டி. இப்போதுள்ளவை குண்டுவீச்சுக்குப் பிறகு நியூசிலாந்து பரிசளித்தவை. அமைச்சர்களும் எதிர்க்கட்சியின் நிழல் அமைச்சர்களும் அந்தப் பெட்டியின் முன் வந்து நின்று, குறிப்புகளை அதன் மேல் வைத்துப் பேசுவார்கள். பின்வரிசை உறுப்பினர் தான் உட்கார்ந்த இடத்திலேயே எழுந்து நின்று பேச வேண்டும், காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு. தொலைக்காட்சியில் பார்க்கும்போது ஒருவர் முன்வரிசையினரா என்று கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி இல்லை. பெட்டியின் முன் நின்றால் அவர் பேசுவது கட்சியின் நிலைப்பாடு.

அமைச்சர்களுக்கு நேர் பின்னால், இரண்டாம் வரிசையில், அவர்களுடைய நாடாளுமன்ற உதவியாளர்களாக நியமிக்கப்பட்ட எம்.பி.க்கள் இருப்பார்கள். அதிகாரிகள் தரும் துண்டுக் குறிப்புகளை அமைச்சரின் கைக்குச் சேர்ப்பது இவர்கள் வேலை. இவர்களுக்கு அதற்காகச் சம்பளம் இல்லை. ஆனாலும் அரசுக்கு எதிராக வாக்களித்தால் பொறுப்பு போய்விடும். பின்வரிசையில் உட்கார்ந்தபடியே முன்வரிசையின் கட்டுப்பாட்டைச் சுமக்கும் நிலை.

முதல் வரிசையில் இருப்பவர் எல்லாரும் முன்வரிசையினர் அல்ல

வெளியாட்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். பெஞ்சுகளின் நீளத்தில் பாதியில் ஒரு குறுக்கு நடைவழி உண்டு. சபாநாயகருக்கு அருகே உள்ள பாதிதான் அதிகாரபூர்வ முன்வரிசை. நடைவழிக்கு அப்பால் உள்ள பாதியின் முதல் பெஞ்ச் வேறு வகை. எதிர்க்கட்சிப் பக்கத்தில் மூன்றாவது பெரிய கட்சியின் தலைவர் அங்கே உட்காருவார். ஆளுங்கட்சிப் பக்கத்தில், பதவி இல்லாத மூத்தவர்கள்.

1930களில் அமைச்சர் பதவி இல்லாமல், சொந்தக் கட்சியின் அரசையே ஜெர்மனி விவகாரத்தில் தாக்கிப் பேசிய சர்ச்சில் நடைவழிக்கு அப்பால்தான் உட்கார்ந்திருந்தார். 1975இல் கன்சர்வேடிவ் கட்சித் தலைமையை மார்கரெட் தாட்சரிடம் இழந்த எட்வர்ட் ஹீத்தும் அந்தப் பகுதியின் முதல் பெஞ்சிலிருந்து பல ஆண்டுகள் தன் கட்சித் தலைமையை விமர்சித்தார். இருவரும் முன்னால் இருந்தார்கள், இருவரும் பின்வரிசைக்காரர்கள். இடம் சில அடி தள்ளியிருக்கிறது, உரிமை முழுவதும் மாறிவிடுகிறது.

முன்வரிசை அமைச்சர்களுக்கு என்பது மரபு, சட்டம் கிடையாது. மற்ற இடங்கள் யாருக்கும் சொந்தமில்லை. ஒரு பின்வரிசை எம்.பி. தனக்குப் பிடித்த இடத்தை அன்று உறுதிசெய்ய விரும்பினால், காலையில் போய்த் தன் பெயர் எழுதிய பிரார்த்தனை அட்டையைப் பெஞ்சில் வைக்க வேண்டும். அட்டை வைத்தால் மட்டும் போதாது, அவை தொடங்கும்போது நடக்கும் சில நிமிடப் பிரார்த்தனைக்கும் நேரில் வர வேண்டும். வராவிட்டால் இடம் கைவிட்டுப் போகும். முன்வரிசைக்கு இந்தக் கவலை இல்லை, அது எப்போதும் அவர்களுக்காகக் காத்திருக்கும்.

விலை என்ன

முன்வரிசையில் சேரும் ஒருவருக்கு என்ன கிடைக்கிறது, எதைக் கொடுக்கிறார் என்று பார்த்தால்தான் பதவி விலகல்கள் ஏன் பெரிய செய்தியாகின்றன என்பது விளங்கும்.

கிடைப்பது: பேச்சு முன்னுரிமை. விவாதத்தைத் தொடங்குவதும் முடிப்பதும் இரு பக்க முன்வரிசையினரே. பின்வரிசையினருக்கு நேரம் நெருக்கும்போது நிமிடக் கட்டுப்பாடு விதிக்கப்படும். புதன்கிழமை பிரதமரின் கேள்வி நேரத்தில் எதிர்க்கட்சித் தலைவருக்கு ஆறு கேள்விகள், மூன்றாவது கட்சியின் தலைவருக்கு இரண்டு. சாதாரண உறுப்பினர் குலுக்கலில் பெயர் வர வேண்டும், அல்லது சபாநாயகரின் கண்ணில் பட வேண்டும். அமைச்சர்களுக்குக் கூடுதல் சம்பளம் உண்டு. எதிர்க்கட்சித் தலைவருக்கு 1937ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 2,000 பவுண்டு சம்பளம் கொடுத்தது. அரசை எதிர்ப்பதையே வேலையாகக் கொண்ட ஒருவருக்கு அரசுக் கருவூலத்திலிருந்து சம்பளம் என்பது அன்று பெரிய படி. அந்தப் பதவியே அப்போதுதான் சட்டத்தில் இடம்பெற்றது. மற்ற நிழல் அமைச்சர்களுக்கு இன்றும் எம்.பி. சம்பளம் மட்டுமே.

கொடுப்பது: சொந்தக் குரலை. அமைச்சரவைக்குள் என்ன வாதாடியிருந்தாலும், முடிவு வந்தபின் வெளியே ஒரே பேச்சுதான் பேச வேண்டும். ஒப்பவில்லை என்றால் முன்வரிசையை விட்டுப் போக வேண்டும். அதனால்தான் பிரதமர்கள் முடிந்தவரை அதிகம் பேருக்கு ஏதாவது ஒரு பொறுப்பைக் கொடுக்கப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு நியமனமும் ஓர் உறுதியான வாக்கு. இதற்கு வரம்பு வைக்கத்தான், மக்கள் சபையில் 95 பேருக்கு மேல் அமைச்சராக இருக்க முடியாது என்று 1975ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சம்பளமில்லாத உதவியாளர்கள் அந்தக் கணக்கில் சேருவதில்லை என்பது அந்தச் சட்டத்தில் உள்ள ஓட்டை.

பின்வரிசைக்குப் போனவரின் பேச்சுக்கு எவ்வளவு கனம் இருக்கும் என்பதை 1990 நவம்பர் 13 காட்டியது. தாட்சரின் துணைப் பிரதமராக இருந்து விலகிய ஜெஃப்ரி ஹவ், பின்வரிசையிலிருந்து எழுந்து தன் விலகலை விளக்கினார். குரலை உயர்த்தவில்லை. ஒன்பது நாள் கழித்து தாட்சர் பதவி விலகும் முடிவை அறிவித்தார். 2003 மார்ச் 17 அன்று, ஈராக் போருக்கு எதிராக விலகிய ராபின் குக்கும் பின்வரிசையிலிருந்தே பேசினார். பேச்சு முடிந்ததும் அவையின் வழக்கத்தை மீறிக் கைதட்டல் எழுந்தது. போரை அவரால் நிறுத்த முடியவில்லை. ஆனால் அமைச்சராக அந்தப் பேச்சைப் பேசவே முடிந்திருக்காது.

2016 ஜூனில் நடந்தது இதன் மறுபக்கம். பிரெக்ஸிட் வாக்கெடுப்புக்குப் பிறகு சில நாட்களுக்குள் அப்போதைய லேபர் தலைவர் ஜெரமி கார்பினின் நிழல் அமைச்சரவையில் பெரும்பாலோர் விலகினார்கள். எதிர்க்கட்சி முன்வரிசையில் உட்கார வைக்கவே ஆள் தேட வேண்டிய நிலை. தலைவர் இருக்கிறார், கட்சி இருக்கிறது, முன்வரிசை இல்லை என்றால் மாற்று அரசு என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

டெல்லியில் கணக்கு வேறு

இந்தியா இந்த மரபை எடுத்துக்கொண்டது, ஆனால் அரைவட்டத்தில் வைத்தது. மக்களவை குதிரைலாட வடிவம். எல்லாப் பகுதிகளுக்கும் முதல் வரிசை உண்டு, எல்லா முதல் வரிசைகளும் நடுவில் உள்ள மேசையைப் பார்க்கின்றன. எனவே முன்வரிசை என்பது இங்கே அமைச்சர்களுக்கும் எதிர்க்கட்சித் தலைவருக்கும் மட்டும் உரியதாக இல்லாமல், எல்லாக் கட்சிகளுக்கும் பங்கிட வேண்டிய இடமாக மாறிவிட்டது.

மக்களவை விதிகளில் நான்காவது விதி ஒரே வரி: சபாநாயகர் தீர்மானிக்கும் ஒழுங்கில் உறுப்பினர்கள் அமர வேண்டும். அவர் பின்பற்றும் கணக்கு இது. ஐந்து அல்லது அதற்கு மேல் உறுப்பினர் உள்ள கட்சியின் பலத்தை, வரிசையில் உள்ள இடங்களின் எண்ணிக்கையால் பெருக்கி, அவையின் மொத்த இடங்களால் வகுக்க வேண்டும். பழைய மண்டபத்தில் மொத்தம் 550 இடங்கள், முதல் வரிசையில் 20. 2019இல் 303 இடம் வென்ற பாஜகவுக்குப் போட்டுப் பார்த்தால் 11.02. காங்கிரஸின் 52க்கு 1.89, அதாவது 2. திமுகவின் 24க்கு 0.87, அதாவது 1. டி.ஆர். பாலு முதல் வரிசையில் உட்கார்ந்தது இந்தக் கணக்குப்படிதான். 12 உறுப்பினர் கொண்ட கட்சிக்கு 0.44 வரும். பின்னம் பாதிக்குக் கீழே போனால் மேலே ஏற்றுவதா கீழே இறக்குவதா என்பதில்தான் ஒவ்வொரு புதிய அவையிலும் பேரம் தொடங்கும். ஐந்துக்கும் குறைவான உறுப்பினர் உள்ள கட்சிகளுக்கும் சுயேச்சைகளுக்கும் சபாநாயகர் மனம் வைப்பதே இடம்.

இந்தியாவில் பதவி இல்லாத மூத்தவருக்கும் முதல் வரிசை கிடைக்கும். 2014க்குப் பிறகு அமைச்சராக இல்லாத எல்.கே. அத்வானி அங்கே உட்கார்ந்தார். வெஸ்ட்மின்ஸ்டரில் முன்னாள் பிரதமர்கூடப் பின்வரிசைக்குப் போவது இயல்பு. டெல்லியில் அது அவமதிப்பாகத் தோன்றும். நம்மிடம் அந்த இடம் பொறுப்பின் அடையாளத்தைவிட மரியாதையின் அடையாளமாகவே வளர்ந்திருக்கிறது. எனக்கு இது நல்ல மாற்றமாகத் தெரியவில்லை. மரியாதையைப் பங்கிட ஆரம்பித்தால், யார் யாருக்காகப் பேசுகிறார் என்ற தெளிவு போய்விடுகிறது.

இடமும் அதிகாரமும் பிரிந்து நிற்கும் தருணங்கள் இன்னும் உண்டு. மன்மோகன் சிங் பிரதமராக இருந்த பத்து ஆண்டும் மாநிலங்களவை உறுப்பினர். அரசியல் சட்டத்தின் 88ஆவது பிரிவு அமைச்சர்கள் எந்த அவையிலும் பேச அனுமதிக்கிறது, வாக்களிக்க அனுமதிப்பதில்லை. 2008 ஜூலையில் தன் அரசின் மீதான நம்பிக்கைத் தீர்மானத்தை அவரே மக்களவையில் முன்மொழிந்தார்; ஆளுங்கட்சி வரிசையின் முதல் இடத்தில் இருந்தவருக்கு அந்தத் தீர்மானத்தில் ஓட்டு இல்லை. பின்னாளில், 2023இல், சக்கர நாற்காலி வந்துபோக வசதியாக மாநிலங்களவையில் அவருடைய இடம் முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைக்கு மாற்றப்பட்டது. அதனால் கட்சியில் அவர் இடம் குறைந்துவிடவில்லை.

எதிர்க்கட்சித் தலைவருக்கான முதல் வரிசை இடம் தனி வகை. சபாநாயகரின் இடப்பக்கம் முதல் இருக்கை மரபுப்படி துணைச் சபாநாயகருக்கு. எதிர்க்கட்சித் தலைவர் அதை அடுத்து. 1977ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்குச் சம்பளமும் வசதிகளும் தருகிறது. யார் எதிர்க்கட்சித் தலைவர் என்பதில் அவையின் பத்தில் ஒரு பங்கு பலம் வேண்டும் என்ற மரபு முதல் சபாநாயகர் மாவ்லங்கர் காலத்திலிருந்து வருகிறது. 543இல் அது 55. காங்கிரஸ் 2014இல் 44, 2019இல் 52. அதனால் பத்து ஆண்டுகள் மக்களவையில் அந்தப் பதவி காலியாக இருந்தது. காங்கிரஸ் தலைவர்கள் முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள், எதிர்க்கட்சித் தலைவராக அல்ல. 99 இடம் வென்ற 2024க்குப் பிறகுதான் ராகுல் காந்தி அந்தப் பொறுப்போடு அங்கே வந்தார்.

இருக்கைக்கு இன்னொரு நடைமுறைப் பயனும் உண்டு. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பிரிவு எண் இருக்கிறது, மின்னணு வாக்குப்பதிவு அந்த எண்ணை வைத்து நடக்கிறது. பிரதமருக்கு 1, ராகுல் காந்திக்கு 498 என்று 2024 இறுதியில்தான் ஒதுக்கினார்கள். ஒதுக்கீடு முடியாதவரை பொத்தானை அழுத்தி வாக்களிக்க முடியாது, காகிதச் சீட்டுதான். 2023 செப்டம்பரில் புதிய கட்டடத்துக்குப் போனதும் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா 454க்கு 2 என்று சீட்டு முறையிலேயே நிறைவேறியது. இருக்கைப் பட்டியலைத் தாமதப்படுத்துவது சின்ன விஷயம் அல்ல.

பின்வரிசையின் சுதந்திரம்தான் இங்கே வராமல் போனது. 1985இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணைப்படி, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் உறுப்பினர் பதவியே பறிபோகலாம். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் கட்டுப்பாடு ஒன்றே. வெஸ்ட்மின்ஸ்டரில் கொள்கைக்காகப் பின்வரிசைக்குப் போனவர் எம்.பி.யாகத் தொடர்ந்து எதிர்த்து வாக்களிக்கலாம். டெல்லியிலும் சென்னையிலும் அந்த வழி அடைக்கப்பட்டிருக்கிறது. கட்சித் தாவலைத் தடுக்க வந்த சட்டம், மனச்சாட்சிப்படி வாக்களிப்பதையும் சேர்த்தே தடுத்துவிட்டது. ஆட்சியின் நிலைத்தன்மையைத் தொடாத மசோதாக்களிலாவது அந்தக் கட்டு அவிழ வேண்டும்.

சென்னை, இலங்கை

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 234 பேர், பத்தில் ஒரு பங்கு என்றால் 24. 2011இல் தேமுதிக 29, திமுக 23. விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். 2016 பிப்ரவரியில் தேமுதிகவின் அதிருப்தி உறுப்பினர்கள் ராஜினாமா செய்ததும் பலம் 20 ஆனது. எதிர்க்கட்சித் தலைவர் என்ற தகுதி அன்றே போனது.

2022 ஜூலையில் அதிமுக ஓ. பன்னீர்செல்வத்தை நீக்கி, எதிர்க்கட்சித் துணைத் தலைவராக ஆர்.பி. உதயகுமாரைத் தேர்ந்தெடுத்தது. எடப்பாடி பழனிசாமிக்குப் பக்கத்து இருக்கையை உதயகுமாருக்குத் தர வேண்டும் என்று கேட்டது. இருக்கை ஒதுக்குவது தன் அதிகாரம் என்று பேரவைத் தலைவர் அப்பாவு மாற்றவில்லை. அக்டோபரில் அவையில் அமளி, வெளியேற்றம், மறுநாள் வள்ளுவர் கோட்டத்தில் உண்ணாவிரதப் போராட்டம், கைது என்று போனது. 2024 பிப்ரவரியில், முதலமைச்சர் ஸ்டாலின் பரிசீலிக்கக் கேட்டுக்கொண்ட பிறகு, பன்னீர்செல்வம் இரண்டாம் வரிசைக்கு மாறினார், உதயகுமார் முன்னால் வந்தார். ஒன்றரை ஆண்டு இழுத்தது ஒரே ஓர் இருக்கை. அதிமுக கேட்டதில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். முன்வரிசையில் தன் சார்பில் யார் இருப்பது என்பதைக் கட்சி முடிவுசெய்வதுதான் இந்த மரபின் அடிப்படை. எந்த வரிசை என்பது பேரவைத் தலைவரின் பொறுப்பு, எந்த ஆள் என்பது கட்சியின் பொறுப்பு.

இலங்கையில் எதிர்க்கட்சித் தலைவர் இருக்கையின் பொருள் இன்னும் ஆழமானது. 1977 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 168இல் 140 இடங்களை அள்ளியது. சுதந்திரக் கட்சிக்கு எட்டு, தமிழர் விடுதலைக் கூட்டணிக்குப் பதினெட்டு. அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவராக ஆளுங்கட்சியின் எதிரே அமர்ந்தார். தனிநாட்டைக் கேட்டு வாக்கு வாங்கிய கட்சியின் தலைவருக்கு, எண்ணிக்கை விதிப்படி, அரசுக்கு மாற்று என்ற இடம் கிடைத்தது. 2015இல், பெரிய கட்சிகள் இரண்டும் சேர்ந்து ஆட்சி அமைத்ததால், 16 உறுப்பினர்களோடு தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் இரா. சம்பந்தன் அந்த இடத்துக்கு வந்தார்.

2024 நவம்பர் 21 அன்று புதிய நாடாளுமன்றம் முதல்முறை கூடியபோது, யாழ்ப்பாணத்திலிருந்து சுயேச்சையாகத் தேர்வான இராமநாதன் அர்ச்சுனா எதிர்க்கட்சித் தலைவருக்கு மரபாக விடப்படும் ஆசனத்தில் உட்கார்ந்தார். நாடாளுமன்ற ஊழியர் எழுந்துகொள்ளக் கேட்டும் எழவில்லை. முதல் நாள் ஆசனங்கள் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை, யாரும் எங்கும் உட்காரலாம் என்ற அவருடைய வாதம் விதியளவில் தவறு என்று சொல்ல முடியாது. அங்கே உட்கார்ந்ததால் அவர் எதிர்க்கட்சித் தலைவராகவும் ஆகிவிடவில்லை. அந்தப் பதவி சஜித் பிரேமதாசவுக்குத்தான் போனது.